குரூஸ் கப்பலில் உடம்பு சரியில்லாமல் போனால் கேபினுக்குள் எத்தனை நாள்?

அலைவரிசை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாதம் குடும்பத்தோடு குரூஸ் போகிறோம். ஒரே கேபினில் நான்கு பேர்: நான், மனைவி, 7 வயதுப் பையன், எழுபதைத் தாண்டிய அம்மா. டிக்கெட் ஒப்பந்தத்தைப் படித்தால், தொற்று அறிகுறி இருப்பவரைக் கேபினில் தனிமைப்படுத்தவும் தேவைப்பட்டால் வழியில் ஒரு துறைமுகத்தில் இறக்கிவிடவும் கப்பலுக்கு உரிமை உண்டு என்று இருக்கிறது. எத்தனை நாள், யார் முடிவு செய்வார்கள், கூட இருப்பவர்கள் கதி என்ன என்று ஒரு வரியும் இல்லை.

கப்பல் ஆடும்போது வாந்தி வருவது சகஜம்தானே, ஒரு தடவை எடுத்தாலே உள்ளே போட்டுவிடுவார்களா? ஒருவருக்கு வந்தால் நான்கு பேருமா? அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டுக்கும் மாத்திரை ஓடுகிறது. சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினால் சில நாள் வயிறு இளகும். அதையும் தொற்று என்று எழுதிவிட்டால்? பணம் ஏதாவது திரும்பக் கிடைக்குமா?

நங்கூரம்:

வயிற்றுக் கோளாறை முதலில் பார்ப்போம். கப்பலில் அதிகம் பயப்படுவது அதற்குத்தான், விதியும் அதற்குத்தான் தெளிவாக இருக்கிறது.

அமெரிக்கத் துறைமுகத்தைத் தொடும் கப்பல்களுக்கு, அந்நாட்டு அரசின் நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிசியின் கப்பல் சுகாதாரத் திட்டம் வரையறை கொடுத்திருக்கிறது. 24 மணி நேரத்தில் மூன்று அல்லது அதற்கு மேல் தண்ணீராகப் போனால், அல்லது அந்த ஆளுக்கு வழக்கமாகப் போவதைவிடக் கூடுதலாகப் போனால், கணக்கில் வரும். வாந்தி என்றால் அதோடு இன்னொன்றும் சேர வேண்டும்: ஒரு தடவையாவது வயிற்றுப்போக்கு, வயிற்றைப் பிடித்து இழுத்தல், தலைவலி, உடம்புவலி, 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், இவற்றில் ஏதாவது ஒன்று. அலையில் தலைசுற்றி ஒரு தடவை வெளியே வந்து, கப்பல் ஆட்டம் நின்றதும் சரியானால் அது இந்த வரையறைக்குள் வராது. ஆனால் அதை நீங்களே தீர்மானிக்கக் கூடாது, கப்பல் டாக்டர் தீர்மானிக்க வேண்டும். ஒரு வித்தியாசத்தை அவர் கேட்பார்: கடல் அமைதியாக இருக்கும்போது திடீரென்று பீய்ச்சி அடிக்கும் வாந்தி, கூடவே போக்கு என்றால், வேகமாகத் தொற்றும் வயிற்று வைரஸான நோரோவைரஸ் என்றுதான் முதலில் சந்தேகப்படுவார்கள்.

உங்கள் அம்மா விஷயத்துக்கு அந்த "வழக்கமாகப் போவதைவிட" என்பதுதான் பிடிமானம். மெட்ஃபார்மினால் வயிறு இளகும், வழக்கமாக ஒரு நாளில் இத்தனை தடவை போகும் என்று ஊர் டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மருந்தின் பொதுப்பெயர், அளவு, எத்தனை நாளாகச் சாப்பிடுகிறார், எல்லாம் அதில் இருக்கட்டும். குடல் எரிச்சல் நோய், கர்ப்பகால வாந்தி, ஆன்டிபயாட்டிக்கினால் வரும் போக்கு, இவற்றுக்கும் இதே வழிதான். கடிதம் இருந்தால் விட்டுவிடுவார்கள் என்று உறுதி இல்லை, ஆனால் வாயால் சொல்வதைவிட எடை உண்டு.

இனி நாள் கணக்கு. பயணிகளுக்குக் குறைந்தபட்சம் கடைசி அறிகுறி நின்ற நேரத்திலிருந்து 24 மணி நேரம். முதல் வாந்தியிலிருந்து எண்ணக் கூடாது. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். திங்கள் காலை 8 மணிக்கு ஆரம்பித்து, செவ்வாய் மாலை 4 மணிக்குக் கடைசியாக ஒரு தடவை தண்ணீராகப் போனால், புதன் மாலை 4 மணிதான் விடுதலை. புதன் காலையில் மறுபடி ஒரு தடவை போனால் கடிகாரம் பூஜ்ஜியத்திலிருந்து ஓடும். சில நிறுவனங்கள் தாங்களாகவே 48 மணி என்று வைத்திருக்கின்றன. சமையல், பரிமாறும் ஊழியர்களுக்கு விதியிலேயே 48 மணிதான்.

அதனால் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். ஒரு தாளில் ஒவ்வொரு தடவையும் நேரம் எழுதி வையுங்கள், கப்பல் நேரத்தில். கப்பல் மேற்கே போகும்போது இரவோடு இரவாகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். ஃபோன் சில நேரம் வேறு நேரம் காட்டும். கேபினில் உள்ள தொலைபேசித் திரையில் தெரியும் நேரத்தையே எழுதுங்கள். பின்னால் இன்சூரன்ஸ் கேட்கும்போதும் இந்தத் தாள் உதவும்.

மெடிக்கல் சென்டருக்கு நடந்து போகாதீர்கள். கேபின் ஃபோனிலிருந்து கூப்பிடுங்கள், வருவதா வரச் சொல்வதா என்று அவர்கள் சொல்வார்கள். வயிற்றுக் கோளாறுக்கு மட்டும் டாக்டர் கட்டணம் வாங்காத நிறுவனங்கள் பல உண்டு; மறைக்காமல் வரட்டும் என்பதற்காகத்தான். கிளம்புமுன் உங்கள் நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு படிவமும் தருவார்கள்: நோய் தொடங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்தில் எங்கே என்ன சாப்பிட்டீர்கள், கரையில் எங்கே போனீர்கள் என்று. எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் நாற்பது பேரின் படிவத்தில் ஒரே சாப்பாட்டு மேஜை திரும்பத் திரும்ப வந்தால்தான் மூலம் பிடிபடும்.

பிறகு உங்கள் கீ கார்டில் ஒரு குறி போடுவார்கள். உணவகம், கரைக்கு இறங்கும் வாசல், இரண்டிலும் அது காட்டிக்கொடுக்கும்.

மேல்தளம்:

எல்லாம் சரி. நடைமுறையில் நிறைய பேர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? போக்கை நிறுத்தும் லோபராமைடு மாத்திரை இரண்டு போட்டு, வாயைத் திறக்காமல், கேபினிலேயே ஒரு நாள் படுத்துவிட்டு மறுநாள் வெளியே வந்துவிடுகிறார்கள். ஒரு நாள் வயிற்றுக்கோளாறுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்றும் தோன்றுகிறது.

நங்கூரம்:

மேல்தளம், அந்த வழி நான்கு இடத்தில் கவிழும்.

முதலாவது, லோபராமைடு போக்கை மட்டும்தான் நிறுத்தும், வைரஸை நிறுத்தாது. நோரோவைரஸ் பதினெட்டு துகள் போனாலே ஒருவரைப் படுக்க வைக்கலாம் என்பது ஆய்வுக் கணிப்பு. அறிகுறி நின்ற பிறகும் இரண்டு வாரம், சிலருக்கு அதற்கும் மேல், மலத்தில் வைரஸ் வெளியேறும். 24 மணி என்பதே ஒரு சமரசம்தான்; மிக அதிகமாக வெளியேறும் நாட்களைத் தாண்டிவிடலாம் என்ற கணக்கு. அந்த 24 மணியையும் மாத்திரையால் பொய்யாக்கினால் பஃபே கரண்டியில் போய் நிற்கும். தொற்றி 12 முதல் 48 மணி நேரத்தில் அடுத்தவருக்கு ஆரம்பிக்கும். முதலில் உங்கள் கேபினிலேயே.

இரண்டாவது, காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் லோபராமைடு ஆபத்து. குழந்தைக்கு டாக்டர் சொல்லாமல் கூடவே கூடாது.

மூன்றாவது, படுக்கை விரிப்பும் குளியலறையும் அறையைச் சுத்தம் செய்ய வரும் கேபின் ஸ்டூவர்டுக்குத் தெரியாமல் போகாது. சந்தேகம் வந்தால் மேலே சொல்வது அவர் கடமை. பிறகு கீ கார்டு எந்தக் கதவில் எத்தனை மணிக்குத் தேய்த்தது என்று எடுத்துப் பார்ப்பார்கள். மறைத்தது தெரிந்தால்தான் அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடும் அந்த ஒப்பந்த வரி வேலைக்கு வரும். தானாகச் சொன்ன ஆளை வயிற்றுப்போக்குக்காக இறக்கிவிடுவது அரிது. நீர்ச்சத்து வற்றி ஆஸ்பத்திரி தேவைப்பட்டால் வேறு கதை.

நான்காவது, பதிவு இல்லாவிட்டால் இன்சூரன்ஸில் பத்து பைசா பெயராது.

"இவ்வளவு ஆர்ப்பாட்டமா" என்பதற்கும் பதில் உண்டு. அமெரிக்கத் துறைமுகத்துக்கு வரும் கப்பல், ஒருவருக்கும் இல்லாவிட்டாலும், வந்துசேரும் முன் நோயாளி எண்ணிக்கையைத் தெரிவிக்க வேண்டும். பயணிகளில் அல்லது ஊழியர்களில் 2 சதவீதத்தைத் தொட்டால் தனி அறிக்கை. 3 சதவீதத்தை எட்டினால் கப்பல் பெயரோடு சிடிசி தளத்தில் பொதுவில் வரும். 3,000 பயணிகள் உள்ள கப்பலில் அது வெறும் 90 பேர். அதனால்தான் பத்துப் பதினைந்து பேர் ஆனதுமே பஃபேயில் கரண்டியைப் பயணிகள் கையிலிருந்து வாங்கி ஊழியர்களே பரிமாறத் தொடங்குவார்கள், மேஜையிலிருந்து உப்பு, மிளகு டப்பா மறையும், நூலகத்தில் புத்தகமும் விளையாட்டுச் சாமானும் பூட்டப்படும். இவற்றைப் பார்த்தால் கப்பலில் என்ன நடக்கிறது என்று அறிவிப்பு வருமுன்பே புரிந்துகொள்ளலாம்.

மருந்துப்பெட்டி:

அலைவரிசை சார், அம்மாவையும் பையனையும் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நோரோ பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நாளில் தானாக அடங்கும். பெரியவர்களையும் குழந்தைகளையும் படுத்துவது நீர் வற்றல்தான். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஆளுக்கு ஐந்தாறு எடுத்துப் போங்கள். பாக்கெட்டின் பின்புறம் பார்த்துக் கரையுங்கள்: சிலது ஒரு லிட்டருக்கு, சிலது 200 மில்லிக்கு. 200 மில்லி பாக்கெட்டை ஒரு லிட்டரில் கரைத்தால் பயன் இல்லை, ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு கிளாஸில் கரைத்தால் உப்பு ஏறிப் போக்கு கூடும். பாக்கெட் தீர்ந்துவிட்டால் சுத்தமான ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். அளவு: பையனுக்கு ஒவ்வொரு போக்குக்குப் பிறகும் 100 முதல் 200 மில்லி, பெரியவர்களுக்கு 200 முதல் 400 மில்லி. குடித்ததும் வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் என்று மெதுவாகத் தொடருங்கள். கிளாஸைக் கையில் கொடுத்தால் தாகத்தில் மடமடவென்று குடித்து மறுபடி எடுத்துவிடுவான்.

கோலா, பழச்சாறு, ஸ்போர்ட்ஸ் டிரிங்க் ஓ.ஆர்.எஸ்ஸுக்கு ஈடாகாது. சர்க்கரை அதிகம், போக்கைக் கூட்டும்.

அம்மாவுக்கு இன்னொரு சிக்கல். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது மெட்ஃபார்மின், சிலவகை பிரஷர் மாத்திரை, நீர் பிரிக்கும் மாத்திரை சிறுநீரகத்தைச் சுமைக்குள்ளாக்கும். ஒன்றிரண்டு நாள் நிறுத்தி வைக்கச் சொல்லும் வழக்கம் உண்டு. ஆனால் எதை, எப்போது என்று கிளம்புமுன் அவருடைய டாக்டரிடமே எழுதி வாங்குங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம், இன்சுலின் போடுபவர் என்றால் சுத்தமாக வேண்டாம். குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் கூடுதலாக வேண்டும். வழக்கமான மாத்திரைகளைப் பயண நாளுக்கு மேல் ஒரு வாரத்துக்குச் சேர்த்து, கைப்பையில். பெரிய பெட்டியை ஏறும் நாளில் வாங்கிக்கொண்டு சாயங்காலம்தான் கேபினுக்குக் கொண்டு வருவார்கள்.

எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, எழுந்தால் கண் இருட்டுகிறது, பேச்சு குழறுகிறது, மலத்தில் ரத்தம், 39 டிகிரிக்கு மேல் காய்ச்சல்: இதில் ஒன்று இருந்தாலும் ரூம் சர்வீஸ் எண்ணைத் தேடாமல் அவசர எண்ணை அழுத்துங்கள். டிரிப் ஏற்றும் வசதி கப்பலில் உண்டு.

டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று கட்டாயம். "காய்ச்சல் மாதிரி இருந்தது" என்பதை டாக்டர் எழுதமாட்டார்.

அலைவரிசை:

ரொம்ப நன்றி நங்கூரம், மருந்துப்பெட்டி. இரண்டு விஷயம் இன்னும் தெரியவில்லை. பையனுக்கு மட்டும் வந்தால் மற்ற மூவர் நிலை என்ன? கொரோனா, ஃப்ளூ என்றால் இதே 24 மணியா?

சுக்கான்:

கூட இருப்பவர்களுக்கு எங்கும் ஒரே விதி இல்லை. அறிகுறி இல்லாதவரை வெளியே விட்டு, கையைக் கழுவு, பஃபே பக்கம் போகாதே என்று சொல்லும் கப்பல்கள் உண்டு. 24 மணி நேரம் கூடவே இருக்கச் சொல்பவையும் உண்டு. சிறுவனை எப்படியும் தனியாக விடமாட்டார்கள், ஒரு பெரியவர் உள்ளே இருந்தாக வேண்டும். நீங்கள் இருவரும் மாறி மாறி இருப்பதாகத் திட்டம் போடாதீர்கள். ஒருவரே இருப்பது நல்லது, அம்மா முடிந்தவரை விலகி. காலி கேபின் இருந்தால் பிரித்துக் கொடுக்க முடியுமா என்று முதல் ஃபோனிலேயே கேளுங்கள். நோயாளிகளுக்கென்று சில கேபினைக் கப்பல்கள் ஒதுக்கி வைப்பதுண்டு, நிறைந்த பிறகு கேட்டுப் பயன் இல்லை. குழந்தைகள் கிளப்பிலும் நீச்சல் குளத்திலும் பெரியவர்களைவிடக் கூடுதல் நேரம் தடை போடுவார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே கேபினில் நான்கு பேர் என்றால் சண்டையே குளியலறைக்குத்தான். கப்பல் கழிப்பறை காற்றை உறிஞ்சி இழுக்கும் வகை, மூடியை மூடிவிட்டுத்தான் பட்டனை அழுத்த வேண்டும். பல் துலக்கும் பிரஷ்களை வெளியே எடுத்துவிடுங்கள். துண்டு ஆளுக்கு ஒன்று. கையைச் சோப்புப் போட்டு 20 விநாடி ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். உணவக வாசலில் இருக்கும் ஆல்கஹால் ஜெல் நோரோவுக்குச் சரிவராது, இதை எத்தனை தடவை சொன்னாலும் ஜனம் அதைத்தான் தேய்த்துக்கொண்டு உள்ளே போகிறது. வாந்தி கம்பளத்தில் விழுந்தால் துண்டால் துடைக்காதீர்கள், ஃபோன் செய்யுங்கள். அதற்கென்று பையும் மருந்தும் வைத்திருப்பார்கள், அழுக்குத் துணியைத் தனிப்பையில் போட்டுக் கட்டி எடுத்துப்போவார்கள். சாப்பிட்ட தட்டைக் காரிடாரில் வைக்கக் கூடாது, அவர்கள் தரும் பையில் போட்டு உள்ளேயே வைத்திருந்தால் வந்து எடுப்பார்கள். வீடு வந்த பிறகு பெட்டியின் கைப்பிடி, ஃபோன் உறை, சக்கரம் இவற்றைத் துடைக்க 5 சதவீத பிளீச் 20 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்தால் போதும். ஐந்து நிமிடம் ஈரமாகவே இருக்க வேண்டும், உடனே துடைத்தால் வேலை செய்யாது. ஃபோனின் திரையில் மட்டும் போடாதீர்கள்.

சளி, காய்ச்சல் வேறு கணக்கு. கொரோனாவுக்கென்று குரூஸ் கப்பல்களுக்கு சிடிசி நடத்திய திட்டம் 2022 ஜூலையில் முடிந்தது. அதன் பிறகு நிறுவனத்துக்கு நிறுவனம், துறைமுகத்துக்குத் துறைமுகம் வேறு. 2024 மார்ச்சிலிருந்து சிடிசி பொதுமக்களுக்குச் சொல்வது: மருந்து போடாமல் காய்ச்சல் இல்லாமல் 24 மணி நேரம், மற்ற அறிகுறிகளும் குறைந்துகொண்டு வர வேண்டும், பிறகு ஐந்து நாள் மாஸ்க் போன்ற எச்சரிக்கை. "மருந்து போடாமல்" என்பதைக் கவனியுங்கள். பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சல் இறங்கினால் கணக்கு தொடங்காது. ஃப்ளூ என்று தெரிந்தால் அதற்கான மருந்தான ஓசெல்டாமிவிரை அறிகுறி ஆரம்பித்த 48 மணிக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன், அதனால் காத்திருக்க வேண்டாம். சின்னம்மை என்றால் கொப்புளம் எல்லாம் பொருக்கு கட்டும் வரை. தட்டம்மை என்றால் தடிப்பு வந்த பின் நான்கு நாள். இந்த இரண்டுக்கும் கப்பலில் வைத்துக்கொள்வதா இறக்கிவிடுவதா என்ற கேள்வி உடனே எழும். பையனின் தடுப்பூசி அட்டை நகல் வைத்திருங்கள்.

கேப்டன் கையில் எல்லாம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். துறைமுகம் கேட்டால் சர்வதேசச் சுகாதார விதிப்படி கப்பல் சுகாதார அறிவிப்பு கொடுக்க வேண்டும், அந்த நாடு அனுமதித்த பிறகே ஆட்கள் இறங்கலாம். 2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் டயமண்ட் பிரின்சஸில் 3,711 பேரை நிறுத்தி வைத்தது ஜப்பான் அரசு, கப்பல் நிறுவனம் அல்ல.

காகிதக்கப்பல்:

பண விஷயம் யாரும் தொடவில்லை, நான் சொல்கிறேன்.

தனிமையில் இருந்த நாளுக்குக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டிய கட்டாயம் ஒப்பந்தத்தில் பெரும்பாலும் இருக்காது. சில நிறுவனங்கள் நாள் கணக்கில் அடுத்த பயணத்துக்கான கிரெடிட் தருகின்றன, அது கருணை. கப்பலிலேயே வாங்கிய கரைச்சுற்றுலாவைக் கேட்டால் பெரும்பாலும் திருப்புவார்கள், ஆனால் வண்டி கிளம்புவதற்கு முன் மெடிக்கல் சென்டர் கவுண்டருக்குத் தகவல் கொடுத்திருக்க வேண்டும். வெளியே வாங்கியது போனது போனதுதான். குடிபானப் பேக்கேஜ், வைஃபை, தனிக் கட்டண உணவகம் இவற்றைத் தானாகத் திருப்பமாட்டார்கள். கடைசி நாள் வரை வைக்காமல் விடுதலையான அன்றே கஸ்டமர் சர்வீஸில் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

பாலிசி வாங்கும்போது "கேபினில் அடைபட்ட நாட்களுக்கான" தொகை உண்டா என்று பாருங்கள். சாதாரணப் பயண இன்சூரன்ஸில் இது இருக்காது, குரூஸ் சேர்க்கை என்று தனியாக வாங்க வேண்டும். நாளுக்கு இவ்வளவு, மொத்தம் இவ்வளவு என்று இருக்கும். பல பாலிசியில் 24 மணி நேரத்துக்குக் குறைந்தால் கிடையாது, கூட அடைபட்ட ஆரோக்கியமானவருக்கும் சேருமா என்பது இன்னொரு பொடி எழுத்து. அம்மாவின் சர்க்கரையையும் பிரஷரையும் விண்ணப்பத்தில் எழுதாமல் விட்டால் வயிற்றுப்போக்கு கிளெய்மையே அதைக் காட்டித் தள்ளுவார்கள்.

இறங்கும் முன் மூன்று காகிதம் கையில் இருக்க வேண்டும்: நோயின் பெயரோடு மருத்துவ அறிக்கை, எந்தத் தேதி எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை அடைத்தார்கள் என்று கையெழுத்தோடு கடிதம், விவரமான பில். கப்பலில் மருத்துவச் செலவு உங்கள் அறைக் கணக்கில் ஏறும், கார்டிலிருந்து எடுத்துவிடுவார்கள், இன்சூரன்ஸிடம் பிறகு நீங்கள்தான் கேட்க வேண்டும். பயணம் முடிந்து மின்னஞ்சலில் கடிதம் கேட்டால் வரும், வாரக்கணக்கில்.

ஏறும் நாளில் ஒரு சுகாதாரப் படிவம் நிரப்பச் சொல்வார்கள், கடந்த சில நாளில் வாந்தி, போக்கு, காய்ச்சல் உண்டா என்று. பையனுக்கு முந்தின நாள் வந்திருந்தால் மறைக்காமல் அன்றே நிறுவனத்தையும் இன்சூரன்ஸையும் கூப்பிடுங்கள். டாக்டர் சான்றோடு ரத்து செய்தால் பாலிசியில் வழி உண்டு. ஏறிய பின் பொய் தெரிந்தால் இரண்டும் கைவிட்டுப் போகும்.

கடைசி இரண்டு நாளில் நோய் வந்தால் 24 மணி முடியும் முன்பே கப்பல் கரை சேர்ந்துவிடும். உங்களைத் தனி வழியில், பெரும்பாலும் எல்லாரும் இறங்கிய பிறகு அனுப்புவார்கள். அன்று மதியத்துக்கே விமானம் போட்டிருந்தால் தவறும், விமானத்தில் ஏற்றவும் தயங்கலாம். மறுநாள் டிக்கெட், அல்லது அபராதமில்லாமல் மாற்றக்கூடிய டிக்கெட் போடுங்கள். நடுவழித் துறைமுகத்தில் மருத்துவக் காரணத்துக்காக இறங்க நேர்ந்தால் அந்த நாட்டு விசா இல்லாதவரைக் கப்பலின் துறைமுக ஏஜென்ட் மூலம்தான் உள்ளே விடுவார்கள். அவருடைய எண்ணை மெடிக்கல் சென்டரிலேயே வாங்குங்கள். பாஸ்போர்ட்டும் கேபின் லாக்கரில் இருக்கிறதா, கப்பல் கையில் இருக்கிறதா என்று முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். சில பயணங்களில் அதை ஏறும்போதே வாங்கி வைத்துவிடுவார்கள்.